அம்பாசிடரில் இசுசு எஞ்சின்: 13 ஆண்டுகள், நான்காவது மவுண்டிங்

போன வாரம், ஜப்பானின் இசுசு கம்பெனி எஞ்சினைப் பூட்டிய என் அம்பாசிடருக்கு நான்காவது முறையாக எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) மாற்றினேன். பட்டறையிலிருந்து திரும்பும்போது நண்பர் போன் செய்தார். "என் மார்க் 4 டீசல் அம்பாசிடருக்கும் இசுசு எஞ்சின் போட்டுவிடலாமா?" என்றார். இருந்த எரிச்சலில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் வண்டி 1986 மாடல். அதிலிருந்த 1489 சிசி டீசல் எஞ்சினைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காடு போகாமல் இருக்க முடியுமா? 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பஸ்கள் தாண்டிப் போவதைப் பார்த்து நிற்க வேண்டும். 2012-ல் பொறுமை தீர்ந்தது. உடைப்புக்கு வந்த காண்டெசா டீசல் (அம்பாசிடர் கம்பெனியின் இன்னொரு கார்) ஒன்றிலிருந்து 1995 சிசி இசுசு எஞ்சினும் அதன் ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே கிடைத்தன.

அவற்றைப் பூட்டி முதல் தடவை மலையேறிய காலையை மறக்க முடியாது. அப்பா பின்சீட்டில் தண்ணீர்க் குடத்தை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரை வந்து சேர்ந்தபோதும் குடத்தில் ஒரு சொட்டுக் குறையவில்லை. இன்றுவரை அந்த மலையில் வண்டி ஒரு முறைகூடக் கொதித்ததில்லை. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 80-ல் போனால் பின்சீட்டில் பேசுவது முன்னால் தெளிவாகக் கேட்கிறது. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். சிக்னலில் வண்டி நின்றால் டாஷ்போர்டில் வைத்த ஐந்து ரூபாய் நாணயம் மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்துவிடும். கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் எண் இரண்டிரண்டாகத் தெரியும். டீசல் எஞ்சின் ஐடலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு உதறத்தான் செய்யும். அந்த உதறலை வாங்கிக்கொள்வதுதான் மவுண்டிங் ரப்பரின் வேலை. என் வண்டியில் அந்த ரப்பரைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியான பிராக்கெட்டின் கோணம் தவறு. ரப்பர் நேராக அமுங்காமல் சாய்வாக இழுபட்டு, மூன்று ஆண்டுகளில் வெடித்துவிடுகிறது. அதோடு சைலன்சர் குழாயின் இணைப்பும் விரிசல் விடுகிறது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இதே எஞ்சினை அம்பாசிடர் கம்பெனியே பிற்கால அம்பாசிடர்களில் போட்டு விற்றது. அந்த வண்டியின் பிராக்கெட்டைத் தேடி எடுத்துப் பூட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்குச் செய்து கொடுத்த பட்டறையில் தேடச் சோம்பல்பட்டு, இரும்பு ஆங்கிளை அறுத்துக் கண்ணளவில் வெல்டிங் வைத்துவிட்டார்கள். பணம் முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் எல்லாப் பழியையும் பட்டறைமீது போடக் கூடாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கை அப்படியே விட்டது என் தவறு. ஏறுவதில் கிடைத்த தெம்பு இறங்கும்போது பயமாக மாறியது; இரண்டு ஆண்டு கழித்துத்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டேன். பழைய எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயின். இதில் பெல்ட், காலம் பார்த்து மாற்றியாக வேண்டும். ஸ்டீயரிங்கோடு இருந்த கியர் தரைக்கு வந்துவிட்டதால், முன்சீட்டின் நடுவில் மகள் உட்காரும் இடமும் போயிற்று. அவள் அன்று அழுதாள்.

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) விஷயத்தில் நண்பர் அலட்சியமாக இருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி முன் அனுமதி வாங்கி, புதிய எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டும். வாகன மாற்றங்கள் குறித்து 2019-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. வேலை முடிந்தபின் போய் நின்றால் பயனில்லை.

என் இசுசுவை யார் எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர் ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுகிறவர். பழைய எஞ்சினின் தேய்ந்த சிலிண்டர்களுக்குள் ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு, பம்பைச் சரிபார்த்து, பெரிய ரேடியேட்டராக மாற்றினால் அவருக்குப் போதும்.