மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: வாங்கலாம், ஆனால் பந்தை எண்ணாதீர்கள்

வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை முடிந்தவரின் கட்டிலருகே, மூச்சை உள்ளிழுத்து நுரையீரலை விரிக்கப் பழக்கும் இந்தக் கருவி அநேகமாக இருக்கும். ஒட்டி நிற்கும் மூன்று பிளாஸ்டிக் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பந்து, நெளிவு நெளிவான ஒரு குழாய், அதன் நுனியில் மவுத்பீஸ். மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்தான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பழுதாகவும் பெரிதாக ஒன்றுமில்லை. விலைக்கு ஏற்ற பொருள்தான். ஆனால் வாங்குபவர்களில் பலர் இதைப் பயன்படுத்தும் விதத்தில் நுரையீரலுக்குப் பாதிப் பலன்கூடப் போய்ச் சேர்வதில்லை.

அறைகளின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் காற்றின் அளவு அதுவென்றே பலரும் நினைக்கிறார்கள். அது அளவல்ல, வேகம்: நொடிக்கு இத்தனை மில்லிலிட்டர். முதல் பந்தை மட்டும் மேலேற்றி மூன்று நொடி அப்படியே நிறுத்தினால் 1800 மி.லி. காற்று உள்ளே போயிருக்கும். மூன்று பந்தையும் அரை நொடியில் விருட்டென்று ஏற்றி விழவிட்டால் 600 மி.லி.தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுக்கும் ஒரு மூச்சே சுமார் 500 மி.லி. இருக்கும், அதிலும் 150 மி.லி. போல மூச்சுப் பாதையிலேயே நின்றுவிடும், நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை எட்டாது. "மூணும் ஏறிடுச்சு" என்று வீட்டார் மகிழும் பல தருணங்களில் நோயாளிக்குப் புதிதாக எதுவும் கிடைத்திருக்காது.

உடம்பு நலமாக இருப்பவர்கள் தம்மை அறியாமலேயே ஒரு மணி நேரத்தில் பல முறை பெருமூச்சு விடுகிறார்கள். அந்த இழுப்பில் காற்றறைகளின் சுவர் விரிகிறது. அங்குள்ள செல்கள் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான திரவத்தைச் சுரக்கின்றன. அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. மயக்க மருந்து, மேல்வயிற்றுத் தையலின் வலி, வலிநிவாரணிகளின் மந்தம், மல்லாந்தே படுத்திருப்பது எல்லாம் சேர்ந்து அந்தப் பெருமூச்சை நிறுத்திவிடுகின்றன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் சரியாகக் கீழிறங்காததால் நுரையீரலின் அடிப்பகுதி அறைகள் சுருங்கி மூடுகின்றன. அட்டெலக்டாசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மூடிய அறையைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகினால் நிமோனியா. நின்றுபோன பெருமூச்சை மீண்டும் வரவழைப்பதுதான் இந்தக் கருவியின் முழு வேலையும். அதற்கு வேண்டியது மெதுவான, நீளமான இழுப்பு. வேகமாக இழுத்தால் கழுத்துத் தசைகளும் மேல்நெஞ்சும்தான் வேலை செய்யும். மூடிக்கிடக்கும் அடிப்பகுதிக்குக் காற்று போக நேரம் போதாது.

நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடியாதவருக்குக் கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துங்கள். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, வயிறு நிறையச் சாப்பிடாத நேரமாகப் பாருங்கள். கருவி கண்ணுக்கு நேராக, செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பந்து எளிதில் ஏறிவிடும், அது பொய்க் கணக்கு. முதலில் மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு, உதடுகள் மவுத்பீஸை இறுக மூடியிருக்க, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். முதல் பந்து மேலேயே நிற்கும்படி தொடர்ந்து இழுத்து, நுரையீரல் நிறைந்ததும் 3 முதல் 5 நொடி மூச்சைப் பிடித்து, மவுத்பீஸை எடுத்துவிட்டு நிதானமாக வெளிவிட வேண்டும். நடுவில் ஓரிரு சாதாரண மூச்சு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து இழுப்பு என்பது வழக்கமான கணக்கு. முடிவில் தையலின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை இருமச் சொல்லுங்கள். திறந்த அறைகளிலிருந்து கிளம்பும் சளி வெளியே வர வேண்டுமே; இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பந்து அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் அவர் இழுப்பதற்குப் பதில் ஊதிக்கொண்டிருப்பார். பலமாக ஊதினால் நுரையீரல் இன்னும் சுருங்கும். நாம் தேடுவதற்கு நேரெதிர். சரியாக இழுத்தும் அசையாவிட்டால் குழாயின் இணைப்பையும் உதட்டு ஓரத்தையும் பாருங்கள், காற்று கசியும். மூக்கு வழியாக இழுப்பவராக இருந்தால் மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ இடைவெளியின்றி வேகமாக இழுத்திருக்கிறார், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சரியாகும்.

அடுத்த வகை, பிஸ்டன் ஏறும் வால்யூம் ஸ்பைரோமீட்டர். எத்தனை மி.லி. உள்ளே போனது என்பதையே அது காட்டும். வேகம் மிஞ்சினால் பக்கத்துச் சிறு காட்டியும் சொல்லிவிடும். விலை கூடுதல். வசதி இருந்தால் அதையே வாங்குங்கள் என்போம், குறிப்பாகப் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீடுகளுக்கு. முடியாதவர்களுக்கு மூன்று பந்தே போதும்: முதல் பந்து மேலே, இரண்டாவது பாதியில், மூன்றாவது கீழேயே. இதை இலக்காக வைத்து நொடிகளை எண்ணுங்கள்.

கருவியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு மேல்வயிற்று அறுவை சிகிச்சைகள் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இது நுரையீரல் சிக்கல்களைத் தடுக்கிறது என்பதற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. 2011இல் அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை மட்டும் தனியாக நம்ப வேண்டாம் என்கிறது. ஆழ்ந்த மூச்சு, இருமல், சீக்கிரம் எழுந்து நடப்பது, வலிக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு சேர்த்தே பயன்படுத்தச் சொல்கிறது. கருவியை மேசையில் வைத்துவிட்டு நோயாளியை நாள் முழுக்கப் படுக்கவிட்டால் காசு வீண்தான். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் இன்ஹேலருக்கு மாற்றாக இதை நினைக்கவே கூடாது. இருமலில் ரத்தம் வருபவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து சிகிச்சை பெறாதவர்கள், குழப்ப நிலையில் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. ஆக்சிஜன் மாஸ்க்கில் இருப்பவருக்கு மாஸ்க்கைக் கழற்றிப் பயிற்சி கொடுக்கலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

ஒருவருக்கு ஒரு கருவிதான். பக்கத்துக் கட்டிலுக்குக் கடன் கொடுக்காதீர்கள். மவுத்பீஸைத் தினமும் கழற்றி சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கொதிநீரில் போட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அறைக்குள் ஈரம் தங்கினால் பந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். திட்டமிட்ட அறுவை சிகிச்சையென்றால் சில நாள் முன்பே வாங்கிப் பழகுங்கள். வலி இல்லாத உடம்போடு முதல் பந்தை எத்தனை நொடி நிறுத்த முடிகிறது என்று குறித்து வைத்தால், அறுவைக்குப் பின் எட்ட வேண்டிய எண் கையில் இருக்கும். அதை நோக்கி ஏறிவந்த நொடிகள் திடீரென்று குறைந்தாலோ, காய்ச்சல், நிறம் மாறிய சளி, கூடிய மூச்சு வேகம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.