காசிமேட்டு வலைக்கடைக்கு க்ளவுட்ஃபிளேர்: நாலு தடைக்காலம் பார்த்த பிறகு

மாமாவுக்குக் காசிமேட்டில் வலைக்கடை. வலை, நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் விற்கிறார். கடையின் வெப்சைட்டைத் தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; பழைய வலையைச் சரிபார்ப்பதும் புது வலை வாங்குவதும் அப்போதுதான். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கமிருந்தெல்லாம் போனில் கண்ணி அளவைப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். 2021 தடைக்காலத்தில் படங்கள் திறக்கவே நேரம் பிடித்தது. அதனால் 2022 மார்ச்சில் டொமைனை, அதாவது சைட்டின் பெயரை, க்ளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் சேர்த்தேன். பார்ப்பவருக்கும் ஹோஸ்டிங்குக்கும் (சைட் கோப்புகள் இருக்கும் சர்வர்) நடுவில் நின்று, கோப்புகளின் நகலைப் பக்கத்து மையத்திலிருந்து வேகமாகத் தரும் சேவை அது.

சேர்ப்பது பத்து நிமிட வேலை. டொமைன் பெயரைக் கொடுத்தால், இருக்கிற டிஎன்எஸ் ரெக்கார்டுகளை, அதாவது எந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்ற குறிப்புகளைத் தேடிப் பட்டியல் போடும். அப்புறம் இரண்டு நேம்சர்வர் (அந்தக் குறிப்புகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் சர்வர்) பெயர்கள் தரும். டொமைன் வாங்கிய இடத்தில் பழைய நேம்சர்வர்களை எடுத்துவிட்டு இவற்றைப் போட வேண்டும், அவ்வளவுதான். டொமைனும் ஹோஸ்டிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். வருடாவருடம் கட்டும் பணமும் பழைய இடத்துக்குத்தான். இரவு ஒன்பது மணிக்கு மாற்றினேன், விடிவதற்குள் ஆக்டிவ் ஆகிவிட்டது என்று மெயில் வந்தது.

ஆனால் காலையில் மாமா போன் செய்தார். "என்னடா, சைட் தொறக்கலன்னு நாகப்பட்டினத்துலருந்து கேக்குறாங்க!" என் போனில் நன்றாகத் திறந்தது. அவர் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ்செக் போட்டிருந்தது. நேம்சர்வர் சொல்லும் பதில் போலியில்லை என்று கையெழுத்து வைத்துக் காட்டும் பாதுகாப்பு அது. பழைய நேம்சர்வரின் கையெழுத்துக்கான டிஎஸ் ரெக்கார்டு அப்படியே இருக்க, நேம்சர்வரை மட்டும் மாற்றிவிட்டேன். கையெழுத்தைச் சரிபார்க்கிற இணைப்புகளில் சைட் திறக்காது, சரிபார்க்காதவற்றில் திறக்கும். டிஎஸ்ஸை நீக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வர இரண்டு நாள் ஆனது, நீக்கிய பிறகும் எல்லா இடத்திலும் சரியாக இன்னொரு நாள். நேம்சர்வரைத் தொடுவதற்கு முன் டிஎன்எஸ்செக்கை அணைத்து, ஒரு நாள் பொறுங்கள். தேவையென்றால் பிறகு க்ளவுட்ஃபிளேர் பக்கத்திலிருந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஆரஞ்சு மேகம். ரெக்கார்டுக்குப் பக்கத்தில் மேகம் ஆரஞ்சாக இருந்தால் போக்குவரத்து அவர்கள் வழியாகப் போகும், சாம்பலாக இருந்தால் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்லாமே வேகமாகட்டும் என்று மெயில் சர்வரின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டையும் ஆரஞ்சாக்கிவிட்டேன். அந்த வழியில் வெப் போக்குவரத்துதான் போகும், மெயில் போகாது. கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க ஆர்டர் மெயில் இறங்கவில்லை. சாம்பலுக்கு மாற்றியதும் தேங்கியதெல்லாம் வந்து சேர்ந்தது. பட்டியலை வரிவரியாகப் பழைய இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதில் உண்மையான வேலை. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எஸ்எஸ்எல்லில் (இணைப்பைப் பூட்டும் எச்டிடிபிஎஸ் அமைப்பு) ஃபிளெக்ஸிபிள் என்ற தேர்வு வேண்டாம். எங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது, சாதா இணைப்பில் வருபவர்களை அது எச்டிடிபிஎஸ்சுக்குத் திருப்பும். ஃபிளெக்ஸிபிளில் க்ளவுட்ஃபிளேர் சாதா இணைப்பில்தான் ஹோஸ்டிங்கைத் தொடும். இரண்டும் சேர்ந்தால் பக்கம் சுற்றிச் சுற்றியே நிற்கும். ஹோஸ்டிங் வரை எச்டிடிபிஎஸ்சிலேயே போகும் ஃபுல் ஸ்ட்ரிக்ட் தேர்வை வைத்ததும் சரியானது.

வேகம் உண்மையாகவே தெரிகிறது. 2015 முதல் சென்னையிலேயே அவர்கள் மையம் இருக்கிறது. டொமைனுக்குப் பின்னால் சிடிஎன்-சிஜிஐ/டிரேஸ் (/cdn-cgi/trace) என்று ஆங்கிலத்தில் அடித்தால், கோலோ என்ற வரியில் எந்த ஊர் மையத்திலிருந்து வருகிறது என்று விமான நிலையக் குறியீட்டில் காட்டும். வீட்டு இணைப்பில் எம்ஏஏ, அதாவது சென்னை. போனில் சில நாள் மும்பையைக் காட்டும்.

கேஷ், அதாவது சேமித்து வைக்கும் நகல் விஷயத்தில் 2023இல் ஒரு பாடம். விலைப்பட்டியல் பிடிஎஃப்பை அதே பெயரில் மாற்றி ஏற்றினேன். படம், பிடிஎஃப் போன்ற கோப்புகளை க்ளவுட்ஃபிளேர் தானாகவே சேமித்து வைத்துக்கொள்ளும். ராமேஸ்வரத்துக்காரர் பழைய விலையைப் பார்த்துக் கயிறு கேட்டார். மாமா கொடுத்த வாக்கை மாற்றாமல் அதே விலைக்கு அனுப்பிவைத்தார். டேஷ்போர்டில் பர்ஜ் கொடுத்து க்ளவுட்ஃபிளேரின் நகலை அழித்தாலும், ஏற்கெனவே திறந்தவர்களின் பிரவுசரில் பழையது தங்கும். வழக்கமான அமைப்பில் அது 4 மணி நேரம். அன்றிலிருந்து பட்டியலின் பெயரிலேயே தேதியைச் சேர்க்கிறேன். இந்த வருடம் ஏப்ரல் 14 ராத்திரி ஏற்றியது மறுநாள் காலை எல்லாருக்கும் புதுசாகவே போனது.