தட்டிப் பார்ப்பதா, காது கொடுத்துக் கேட்பதா?

புவிவெப்பத் தேக்கங்களை, அதாவது நிலத்தடியில் வெந்நீரும் நீராவியும் தங்கியிருக்கும் பாறைகளை, நில அதிர்வு அலைகளால் படம்பிடிக்கும் ஆய்வுப் பணி என்று அறிவிப்பு வந்தால், அதற்குள் இரண்டு வேறு வேலைகளில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். ஒன்றில் நிலத்தை நாமே தட்டி எதிரொலி கேட்க வேண்டும். மற்றதில் நிலம் தானாக முனகுவதைக் காத்திருந்து கேட்க வேண்டும். பெயர் ஒன்றுதான், ஆனால் மூன்று வருடம் கழித்துக் கையில் மிஞ்சும் தொழில் வேறு.

முதலில் தட்டும் வழி. வைப்ரேட்டர் லாரி தன் வயிற்றுக்கடியில் இருக்கும் தகட்டைத் தரையில் அழுத்தி, கீழ் ஸ்தாயியில் தொடங்கி மேலே ஏறுகிற மாதிரி பத்துப் பதினைந்து விநாடி உறுமும். பக்கத்தில் நின்றால் உள்ளங்காலில் தெரியும். தரையின் அசைவைப் பதியும் ஜியோபோன் கருவிகள் பதிந்ததை அந்த உறுமலோடு பொருத்திப் பார்த்தால் எதிரொலிகள் பிரிந்து வரும். எண்ணெய்த் துறை பல பத்தாண்டுகளாகத் தீட்டிக் கொடுத்த கத்தி இது. படிவுப் பாறை அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் அருமையாக வெட்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்கு அடியில் வெந்நீர் தேங்கியிருக்கும் சுண்ணாம்புப் பாறை அப்படிப்பட்ட இடம்.

ஆனால் ஒரு கணக்கு. அலையின் வேகம் விநாடிக்கு 5,000 மீட்டர், அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 200 மீட்டர். அதில் கால் பங்கைவிட, அதாவது 50 மீட்டரைவிட, மெல்லிய அடுக்கின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். வெந்நீர் ஓடும் விரிசலுக்கோ கை நுழையக்கூட இடமிருக்காது. ஆக, படத்தில் தெரிவது பாறை உடைந்து நகர்ந்த இடம், தண்ணீர் அல்ல. மியூனிக்குக்குத் தெற்கே கெரெட்ஸ்ரீட்டில் 2013இல் தோண்டிய கிணற்றில் சூடு இருந்தது, போதிய தண்ணீர் இல்லை. கிரானைட்டில் நிலைமை இன்னும் மோசம்: அடுக்கே இல்லாத பாறையிலிருந்து எதிரொலி எங்கிருந்து வரும்? எரிமலைப் பாறையோ அலையைச் சிதறடித்துவிடும்.

சரி, கேட்கும் வழி. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் புவிவெப்பக் களத்தில், நீராவி எடுத்த பாறைக்குள் குளிர்ந்த நீரைத் திரும்பச் செலுத்துகிறார்கள். அதனால் குட்டி அதிர்வுகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் இலவச விளக்கு, அதுவும் தேக்கத்துக்கு உள்ளேயே எரிகிற விளக்கு. அதிர்விலிருந்து இரண்டு வகை அலை வரும்: பாறையை அழுத்தி விரித்து முதலில் வருவது பி அலை, பக்கவாட்டில் உலுக்கிப் பின்னால் வருவது எஸ் அலை. பாறைத் துளையில் நீர் போய் நீராவி நிறைந்தால் பி அலையின் வேகம் குறையும், எஸ் அலை அவ்வளவாக அசராது. இரண்டின் விகிதம் 1990களில் அங்கே இறங்கிக்கொண்டே போனதை வைத்துத் தேக்கம் வறண்டுவருவதைக் கண்டார்கள். தண்ணீரைப் பற்றி நேராகப் பேசும் அளவை இது. எனக்கு இந்த வழி பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

அன்றாட வேலை மட்டும் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. திரையில் ஒரு கோடு நடுங்கும். பி அலை எங்கே தொடங்கியது என்று குறிப்பது எளிது. எஸ் அலை அதன் வாலுக்குள் புதைந்து வரும். 0.05 விநாடி தள்ளிக் குறித்தால், விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தூரக் கணக்கு 150 மீட்டர் பிசகும். இப்போது இயந்திரக் கற்றல் நிரல்கள் குறித்துத் தருகின்றன. அவை தப்பாகக் குறித்ததைக் கண்டுபிடிக்கிற கண் நமக்கு வேண்டும். அதிர்வே இல்லாத களத்தில் கடலலைகள் எழுப்பும் இரைச்சலை வைத்துப் படம் எடுக்கலாம், ஆனால் மங்கலாகத்தான் வரும்.

இந்த வழியும் ஏமாற்றும். ஐஸ்லாந்தின் கிராஃப்லா எரிமலையில், திரவத்தைக் கடக்க முடியாத எஸ் அலைகள் மறைவதை வைத்து ஆழத்தில் மாக்மா (உருகிய பாறை) இருப்பதாக முன்பே ஊகித்திருந்தார்கள். 2009இல் 4.5 கிலோமீட்டர் இலக்கு வைத்துத் துளைத்த கிணறு, 2.1 கிலோமீட்டரிலேயே உருகிய பாறையில் போய் முட்டியது.

கேட்கும் வேலையில் பொறுப்பும் கூடுதல். சுவிட்சர்லாந்தின் பாசலில் 2006இல் புவிவெப்பத் திட்டத்துக்காகப் பாறைக்குள் நீர் செலுத்தியபோது 3.4 அளவு அதிர்வு வந்தது, திட்டம் பிறகு கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில், இதேபோன்ற திட்டத்தின் அருகே, 2017இல் வந்தது ஏறக்குறைய 5.5. பம்பை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி உங்கள் வரைபடத்தைத் தேடி வரும்.

கிணற்றுக்குள் இறக்கி, நீளம் முழுக்க அதிர்வைக் கேட்க வைக்கும் ஒளியிழைக் கேபிள், அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஃபோர்ஜ் புவிவெப்பச் சோதனைக் களத்தில் இருப்பதுபோல, இரண்டு வழிக்கும் பொது. டெராபைட் கணக்கில் டேட்டா கொட்டும். இழையின் நீளவாக்கில் வரும் அசைவை மட்டுமே அது நன்றாகக் கேட்கும் என்பதை ஆர்வத்தில் மறந்துவிடுகிறோம்.

என்னைக் கேட்டால், படிவுப் பாறைக் களமாக இருந்து டேட்டாவும் தயாராக இருந்தால் தட்டும் பக்கம் போகலாம். கற்ற கைவேலை வேறு துறைகளிலும் விலைபோகும். கிரானைட், எரிமலை என்றால் கேட்கும் பக்கம்தான். அங்கே எதிரொலி முறையை மட்டும் நம்பி வருகிற பணியை நான் எடுக்க மாட்டேன். நேர்காணலில் நான் முதலில் கேட்பது, டேட்டா இப்போது யாருடைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்பதைத்தான். "அடுத்த கோடையில் களப்பணி" என்று பதில் வந்தால், நில உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கவே ஒரு வருடம் போகும் என்று கணக்குப் போட்டு, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று அடுத்து கேட்பேன்.