எத்தனை மடங்கு, எத்தனை பேர்? நோய்க் கணக்கில் இரண்டு அளவுகோல்

மலேசியாவின் பகாவ் ஒட்டுக்கடைகளில் வியாதிப் பேச்சு எழுந்தால் 'மடங்கு'தான் முந்திக்கொண்டு வரும். "சிகரெட் பிடிச்சா 14 மடங்காம்ணே!" கேட்டவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே அடுத்ததைப் பற்றவைப்பார். 14 மடங்கு என்றால் எதைப் போல் 14 மடங்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு காரணிக்கு ஆட்பட்ட கூட்டத்தையும் ஆட்படாத கூட்டத்தையும் ஒப்பிட முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. இரு கூட்டத்தின் நோய் வீதங்களை வகுத்தால் விகிதம், கழித்தால் வித்தியாசம். ஆரம்பப் பள்ளிக் கணக்குதான். ஆனால் ஒரே தரவை வைத்து இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் கைகாட்டும்.

அந்த 14 வந்த இடத்தையே பார்ப்போம். பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களை 1951 முதல் பின்தொடர்ந்த ஆய்வின் இருபதாண்டுக் கணக்கை ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 1976இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் புகைக்காதவர்களில் 10, புகைப்பவர்களில் 140. இதயத் தமனி நோயில் 413, 669. வகுத்தால் புற்றுநோய்க்கு 14, இதயத்துக்கு வெறும் 1.6. கழித்தால் புற்றுநோய்க்கு 130, இதயத்துக்கு 256. மடங்கு சின்னதாகத் தெரியும் இதய நோய்தான் கிட்டத்தட்ட இரட்டிப்பு உயிர்களைக் கூடுதலாகக் கொண்டுபோகிறது. புகைக்காதவர்களிடமே அது மலிவாக இருப்பதால் விகிதம் அமுங்கிவிடுகிறது.

ஆகவே குற்றவாளியைப் பிடிக்க விகிதம். 14 மடங்கை வேறு ஏதோ மறைமுகக் காரணத்தின் தலையில் கட்டுவது கடினம், 1.6ஐக் கட்டுவது சுலபம். ஆனால் தோட்டத்து கிளினிக்குக்கு எதற்குப் பணம் ஒதுக்குவது என்று கேட்டால் என் ஓட்டு வித்தியாசத்துக்கே.

விகிதம் அடியோடு கைவிடும் இடமும் உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே கதை இருக்கிறது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிரேடன், தீட்டிய அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் தப்பியதைக் கவனித்தார். நல்ல கண்தான். ஆனால் இரு கூட்டத்துக்கும் வேலை, குடியிருப்பு, கறி, குழம்பு எல்லாமே வேறு. அரிசியை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படைக்காரர்களுக்கு சயாம் பச்சரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு வங்காளப் புழுங்கல். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. வகுக்கப் போனால் கீழே பூஜ்யம் நிற்கிறது, மடங்கே சொல்ல முடியாது. கழித்தால் நூற்றுக்கு 15 உயிர். (நம் பாட்டிமார் புழுங்கல் அரிசியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அவர்கள் அறியாமலே கிடைத்த சான்றிதழ்!)

மூன்றாவதாக ஆட்ஸ் ரேஷியோ என்ற ஒன்று நடுவில் புகுந்து குழப்பும். ஒரு பேச்சுக்கு, செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் 100 பெண்களில் 40 பேருக்குக் கை அரிப்பு, குலை அறுக்கும் 100 பேரில் 20 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2. ஆட்ஸ் என்பது அரிப்பு உள்ளவர்களை இல்லாதவர்களோடு ஒப்பிடுவது: 40க்கு 60, 20க்கு 80. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.67. செய்தியில் இதுவும் 'மடங்கு' என்றே வரும். நோய் அரிதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிப்பு மாதிரி பரவலான தொல்லையில் இது ஊதிக் காட்டும்.

பிறகு ஏன் அதைப் பயன்படுத்துகிறார்கள்? பகுதி எண், அதாவது வகுக்க வேண்டிய மொத்த ஆள் கணக்கு, தெரியாதபோது வேறு வழியில்லை. நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, முன்பு யார் மருந்தடித்தார்கள் என்று பின்னோக்கி விசாரிக்கும் ஆய்வில் மொத்தம் எத்தனை பேர் மருந்தடித்தார்கள் என்பது தெரியாது. தோட்டத்து செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அது இருக்கும்: ஒவ்வொரு பெயருக்கும் நேரே வேலைக்கு வந்த நாளுக்கு ஓர் அடையாளம். கூட்டினால் ஆள்-நாள் கணக்கே கையில் வந்துவிடும், பாதியில் விலகிப் போனவர்கள் உட்பட. குத்தகைக்காரர் லாரியில் ஏற்றி வரும் ஆட்கள் அந்த ஏட்டில் வராவிட்டால், அவர்கள் அரிப்பும் கணக்கில் வராது. கையுறை போட்டால் எத்தனை பேர் தப்புவார்கள் என்று ஆட்ஸ் ரேஷியோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் ஏட்டையும் குத்தகைக்காரரிடம் ஆள் கணக்கையும் கேட்டு வாங்கியாக வேண்டும்.