இரு கரைக்கும் ஒரே கேள்வித்தாள்: லஞ்சக் கருத்துக்கணிப்பை யார் கையில் கொடுப்பது?

இந்தியா முழுக்க 2,000 பேரிடம் எடுக்கும் ஒரு கருத்துக்கணிப்பில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு எத்தனை பேர் விழுவார்கள்? 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு 13.53 லட்சம் பேர், நாட்டுக்கு 121 கோடி. வகுத்துப் பார்த்தால் இரண்டு பேர். அந்த இருவரும் பரமக்குடியிலோ கமுதியிலோ இருந்துவிட்டால் பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி எதுவுமே அந்தக் கணிப்பில் இல்லை.

மீனவர் கூட்டமைப்போ, கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கமோ, அவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனமோ 'சர்வதேசத் தரத்தில் ஒரு லஞ்சக் கணிப்பு எடுக்கலாம், இங்கேயும் இலங்கையின் மன்னாரிலும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்' என்று இறங்கினால் முதலில் போட வேண்டியது இந்தக் கணக்குதான். விலைப்பட்டியல் அப்புறம்.

அதற்கும் முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஊழலில் இந்தியா எத்தனையாவது இடம்' என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே, டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிடும் அந்த ஊழல் மதிப்பீட்டுக் குறியீடு மக்கள் கருத்துக்கணிப்பே அல்ல. நிபுணர்களும் தொழில் துறையினரும் தரும் மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவது அது. பொதுமக்களிடம் நேரடியாகக் கேட்பது அதே அமைப்பு 2003இல் தொடங்கிய உலக ஊழல் அளவுமானி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆய்வு நிறுவனங்களிடம் விலை கேட்டு எழுதினால், வரும் விலைப்புள்ளிகளும் ஆளுக்கொரு திசையில் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விக்கு ஏற்கெனவே ஓர் உலக வடிவம் உண்டு. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறிகாட்டி 16.5.1: கடந்த 12 மாதத்தில் அரசு அலுவலர் ஒருவரோடு ஒரு முறையாவது தொடர்பு வைத்தவர்களில் எத்தனை பேர் லஞ்சம் கொடுத்தார்கள், அல்லது அவர்களிடம் கேட்கப்பட்டது? இதில் கவனிக்க வேண்டியது பகுதி எண், அதாவது எத்தனை பேரில் என்ற கணக்கு. எல்லா மக்களும் அல்ல, அந்த அலுவலகத்துக்குப் போனவர்கள் மட்டும். இதை அளப்பதற்கான கையேட்டை ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2018இல் வெளியிட்டது. எந்த வழியில் போனாலும் அது மேஜைமேல் இருக்கட்டும்.

ஓடுகிற வண்டியில் ஏறுவது

பெரிய சர்வதேச ஆய்வு நிறுவனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பல நாடுகளில் பொதுக் கணிப்பு நடத்துகின்றன. அதில் உங்கள் கேள்விகளைச் செருகலாம். கேள்விக்கு இவ்வளவு, நாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். வேகம், ஒரே முறை, பல நாட்டு ஒப்பீடு எல்லாம் கிடைக்கும். கடற்கரைக்குக் கிடைப்பது மேலே சொன்ன இரண்டு பேர்.

கேள்வியிலும் இடறும். உலக ஊழல் அளவுமானியின் 2020 ஆசியப் பதிப்பு காவல்துறை, நீதிமன்றம், அரசு மருத்துவமனை, பள்ளி, அடையாள ஆவணம், மின்சாரம்-குடிநீர் என ஆறு சேவைகளைக் கேட்டது. மீன்வளத்துறை, வனத்துறை இரண்டும் அதில் கிடையாது. கடலுக்குப் போக டோக்கன், மானிய டீசல், தடைக்கால நிவாரணம், மன்னார் வளைகுடா தீவுப் பக்கம் பாசிக்குப் போகும் பெண்கள் வனத்துறையோடு படும் பாடு, எதுவும் வராது.

இன்னொன்று. அதே கணிப்பின் 2017 பதிப்பில் இந்தியாவில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 69 சதவீதம், 2020இல் 39 சதவீதம். 'லஞ்சம் பாதியாகக் குறைந்தது' என்று தலைப்புப் போட ஆசையாகத்தான் இருக்கும். நேரில் கேட்டதா, தொலைபேசியிலா, சேவைப் பட்டியல் ஒன்றா என்று பார்த்த பிறகே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கலாம். செருகல் முறையில் இந்த முடிவுகளில் எதுவும் உங்கள் கையில் இருக்காது.

நாடாளுமன்றத்தில் ஒரு மனு, ஒரு பத்திரிகைச் செய்தி, இவ்வளவுதான் தேவை என்றால் இது போதும். ராமநாதபுரம் கரைக்கு இது வேண்டாத செலவு.

தொலைபேசிக் கணிப்பு

விலைப்புள்ளியில் பெரும்பாலும் இதுதான் மலிவாக வந்து கண்ணைப் பறிக்கும். கைப்பேசி எண்ணை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 2011 கணக்கில் தமிழ்நாட்டின் 7.21 கோடியில் ராமநாதபுரம் 53இல் ஒரு பங்கு. சும்மா எண்களைச் சுழற்றினால், போனை எடுத்துப் பேசுகிற 53 பேரில் ஒருவர்தான் இந்த மாவட்டம். அதிலும் கரையோரம் யார் என்று சலிக்க வேண்டும். எனவே நிறுவனம் எங்கிருந்தாவது ஓர் எண் பட்டியல் வாங்கும். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரே போன், அதுவும் கடலுக்குப் போனவர் கையில் என்றால் பெண்கள் கணக்கில் குறைவார்கள். ஓடிபி மோசடிக்குப் பயந்துபோன காலத்தில், தெரியாத எண்ணிலிருந்து 'நீங்கள் லஞ்சம் கொடுத்தீர்களா' என்று கேட்டால் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். பேசுகிறவர்களும் 12 நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். தொலைபேசிக்கு ஒரு நல்ல இடம் உண்டு: நேரில் எடுத்த பேட்டி உண்மையா என்று மறுநாள் சரிபார்க்க.

தனிக் கணிப்பு: நிறுவனமா, ஊர்க்காரர்களா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டுமே நேரில் வீட்டுக்குப் போவது. ஒன்றில் ஒரு தலைமை ஆய்வு நிறுவனம், இரு நாட்டிலும் அதன் துணை ஒப்பந்ததாரர்கள். மற்றதில் முறையியலுக்கு மட்டும் வெளி நிபுணர், களத்துக்கு உள்ளூர் இளைஞர்கள்.

மாதிரி எடுப்பதில் நிறுவனம் கெட்டி. வாக்காளர் பட்டியலின் கரையோரப் பாகங்களிலிருந்து, பெரிய பாகத்துக்கு அதிக வாய்ப்பு என்ற முறையில் 60 பாகம், பாகத்துக்கு 20 பேர், மொத்தம் 1,200. மன்னார்ப் பக்கம் கிராம அலுவலர் பிரிவுகளை வைத்து இன்னொரு 1,200. வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதைக் கதவைத் திறந்தவர் முடிவு செய்யக்கூடாது. அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரைக் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் வேறு நேரத்தில் மூன்று முறை போன பிறகே பக்கத்து வீடு. ஊர்க்காரர்கள் நடத்தும் கணிப்பு முதலில் ஓட்டையாவது இந்த இடத்தில்தான்: தெரிந்த வீடு, பேசத் தயாராக இருக்கும் அண்ணாச்சி, வலை பின்னும் வாடியில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர். முப்பதே நிமிடத்தில் இருபது படிவம் நிறைந்துவிடும்.

நிறுவனம் சறுக்குவது வேறு இடத்தில். மதுரையிலிருந்து வேனில் வரும் குழு காலை பத்து மணிக்குத் தெருவில் இறங்கும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணையில் முறை இருப்பது அதற்குத் தெரியாது. ஆண்கள் எப்போது வீட்டில், பெண்கள் எப்போது ஏலக்கூடத்தில் என்றும் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் கிடைப்பார்கள். பிழைப்புக்கு வெளியூர் போய்விடுபவர்களும் உண்டு. களப்பணி நாட்களை இதையெல்லாம் வைத்துத்தான் குறிக்க வேண்டும். 8 பேர், ஆளுக்கு நாளைக்கு 5 பேட்டி என்றால் 1,200க்கு 30 வேலைநாள். 'பத்தே நாளில் முடித்துத் தருகிறோம்' என்று விலைப்புள்ளி வந்தால் எங்கே குறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சொல் விஷயத்தில் உள்ளூர்க் கைக்கே வெற்றி. 'ஊழல்' என்றால் இங்கே பலருக்கு அது மந்திரி செய்வது. தான் கொடுத்தது 'டீச் செலவு', 'மாமூல்', 'கவனிப்பு'. அக்கரையில் அதே தமிழில் 'சந்தோஷம்' கொடுப்பது. ஆங்கிலக் கேள்வித்தாளைச் சென்னையில் மொழிபெயர்த்து இரு கரைக்கும் அனுப்பினால் இரண்டு வேறு கேள்விகள் போய்ச் சேரும். ஒவ்வொரு கரையிலும் 15 பேரிடமாவது கேள்வியைப் படித்துக் காட்டி, 'உங்களுக்கு என்ன புரிந்தது, சொல்லுங்கள்' என்று கேட்டுத் திருத்த வேண்டும். பணத்தோடு நிறுத்தாமல் பொருளையும் கேட்க வேண்டும். நல்ல மீனாக இரண்டு கிலோ போனதை யாரும் லஞ்சம் என்று தானாகச் சொல்வதில்லை. கேட்கும் வரிசை: அந்த அலுவலகத்துக்குப் போனீர்களா, யாராவது கேட்டார்களா, கொடுத்தீர்களா, நேரிலா தரகர் வழியா. 'நாட்டில் ஊழல் கூடிவிட்டதா' என்பது கடைசியில். அதை முதலில் கேட்டால் அடுத்த பதில் எல்லாம் அந்தச் சூட்டிலேயே வரும்.

நம்பிக்கை விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். உள்ளூர்ப் பையனிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைக்கிறோம். அவன் மாமா படகு முதலாளி, சித்தப்பா ஊர்க் கமிட்டியில் என்றால் வாய் திறக்காது. அதனால் பக்கத்து ஊர் ஆள், பெண்களுக்குப் பெண், தன் ஊரில் யாருக்கும் வேலை கிடையாது என்பது விதியாக இருக்க வேண்டும். ஜமாத்துக்கும் தேவாலயப் பங்குச் சபைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். பேட்டியின்போது அவர்கள் பிரதிநிதி உடன் நிற்கக் கூடாது.

இந்தப் பயம் வெறும் கூச்சமல்ல. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால்தான் விலக்கு. அதாவது 'ஆமாம், கொடுத்தேன்' என்பவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பெயர், போன் எண், வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி, குரல் பதிவு இவை பதில்களோடு ஒரே கோப்பில் இருக்கவே கூடாது. சரிபார்க்க வாங்கும் போன் எண் தனிக் கோப்பில் இருந்து, சரிபார்த்ததும் அழிய வேண்டும். நிறுவனங்கள் தரக் கட்டுப்பாடு என்று முழுப் பேட்டியையும் ஒலிப்பதிவு செய்யக் கேட்கும். இந்தத் தலைப்புக்கு அது வேண்டாம். நேரக் குறியும் 10 சதவீத மறுஅழைப்பும் போதும். 25 நிமிடப் பேட்டி 8 நிமிடத்தில் முடிந்திருந்தால் அது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

மறைமுகக் கேள்வி உத்திகளை நிபுணர்கள் பரிந்துரைப்பார்கள். பகடை உருட்டி 1 விழுந்தால் 'ஆம்', 6 விழுந்தால் 'இல்லை', மற்றபடி உண்மையைச் சொல்லச் சொல்வது ஒன்று. நல்ல உத்திதான். அலுவலகத்துக்குப் போனவர்கள் 300 பேர், கொடுத்தவர் 20 சதவீதம் என்றால், நேரடிக் கேள்வியில் பிழை எல்லை (உண்மை எண் இவ்வளவு மேலோ கீழோ இருக்கலாம் என்ற அளவு) ஏறக்குறைய 4.5 புள்ளி, பகடையில் 8 புள்ளி. சில செயல்களின் பட்டியலைக் காட்டி 'இதில் எத்தனை செய்தீர்கள்' என்று மட்டும் கேட்கும் முறையில், லஞ்சம் உள்ள பட்டியல் பாதிப் பேருக்கு, இல்லாதது மீதிப் பேருக்கு என்று 1,200 பேரை இரண்டாகப் பிரித்தால் 11 புள்ளியைத் தொட்டுவிடும். இந்த அளவு மாதிரிக்கு நேரடிக் கேள்வியே மேல். பதிலை மட்டும் கைப்பேசித் திரையில் அவரே தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும்.

ஒரே பாகத்தில் 20 பேரைக் கேட்பதால் பிழை இன்னும் கூடும். அதையும் சேர்த்தால், இரு கரைக்கும் இடையே 8 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தை வைத்து 'அவர்கள் மேல்', 'நாங்கள் மேல்' என்று எதுவும் சொல்ல முடியாது. பாசி எடுக்கும் பெண்கள் பொது மாதிரியில் சொற்பமாகவே விழுவார்கள். அவர்களுக்கு 200 பேர் தனி மாதிரி வேண்டும், அந்த எண்ணை மொத்தத்தில் கலக்கக் கூடாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் வழியைத் தீர்மானிக்கும். வெளிநாட்டு நன்கொடை என்றால் 2010 வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றிவிட முடியாது. ஆகவே ஊர்ச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்து நடத்தும் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். வெளிநாட்டு அமைப்பு ஒரு வணிக ஆய்வு நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணமாகத் தருவது வேறு கணக்கு.

எனவே எங்கள் தேர்வு கலப்பு. மாதிரியும் தரவும் நிறுவனத்தின் பொறுப்பு. சொல் சோதனையும் களப்பணி நாள்காட்டியும் பேட்டியாளர் தேர்வும் உள்ளூர்க் குழுவின் ஒப்புதலோடு. இதை வாய்ப் பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கட்டணத்தில் 30 சதவீதம் சொல் சோதனை அறிக்கைக்குப் பிறகு, 40 சதவீதம் களம் முடிந்ததும், கடைசி 30 சதவீதம் அடையாளம் நீக்கிய மூலத் தரவு, ஒவ்வொரு பதிலுக்கும் போட்ட புள்ளியியல் எடைகள், போன வீடு, பூட்டிய வீடு, மறுத்த வீடு எண்ணிக்கை எல்லாம் கைக்கு வந்த பிறகு. பெரும்பாலான தகராறு இந்தக் கடைசித் தவணையில்தான் வரும். வண்ண வரைபடங்களோடு அறிக்கை வந்துவிடும், பூட்டிய வீட்டுக் கணக்கு வராது. அது வராமல் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டாம்.