மேக்கப், ஹேர் ஸ்டைலிங் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் அடிப்படையிலிருந்து மேக்கப், ஹேர் ஸ்டைலிங் கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, கடைசியில் கையில் ஒரு சர்டிபிகேட்டோடு மட்டும் வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால் எந்த ஊரில் எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்தாலும் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும், அதனால் அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: தினமும் செய்முறைப் பயிற்சி, லைவ் மாடல், தரமான கிட், ஒவ்வொருவருக்கும் தனிக்கவனம். நடந்தது வேறு. சுற்றி நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்துவிட்டு, நடுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, பயிற்சியாளர் மேடம் அவருக்கு மேக்கப் போடுவார். நாங்கள் பார்ப்போம், எழுதிக்கொள்வோம். மறுநாளும் அதே. எப்போது நாங்கள் போட்டுப் பார்ப்பது என்று ஒருத்தி கேட்டதற்கு, "முதல்ல கண்ணு பழகணும்மா, கை அப்புறம் தானா வரும்" என்றார். தானாக வராது. ஐலைனர் போடும்போது சுண்டுவிரலைக் கன்னத்தில் எந்த இடத்தில் ஊன்றினால் கை நடுங்காது, இமையை எவ்வளவு இழுத்தால் கோடு நேராக இருக்கும், இழுத்ததை விட்டதும் அந்தக் கோடு எப்படிச் சுருங்கிக் கோணலாகிறது, இதெல்லாம் போட்டுப் பார்த்துத் துடைத்து மறுபடி போட்டால்தான் தெரியும். ஐஷேடோவைப் பரப்புவதும் அப்படித்தான், பிரஷை அழுத்துகிற அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும், அந்த அழுத்தத்தை எதிரே உட்கார்ந்து பார்த்து யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.

அந்த மாடல் விஷயத்தையும் சொல்லவேண்டும். பெரும்பாலும் அதே பெண்தான் வருவார். பருத் தழும்பு இல்லாத வழவழப்பான தோல், அகலமான இமை, நெருக்கமான புருவம். அவர் முகத்தில் எதைப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு நம் முன்னால் வந்து உட்காரப்போகிறவருக்கு மேல் இமை தொங்கி மடிந்து இருக்கலாம், கண்ணைத் திறந்ததும் போட்ட ஐஷேடோ முழுக்க அந்த மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். அவருக்குக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொல்லி, மடிப்புக்குச் சற்று மேலே அடையாளம் வைத்துக்கொண்டு போடவேண்டும். கன்னத்தில் குழி விழுந்த தழும்பு உள்ளவருக்கு மினுமினுப்பான ஹைலைட்டர் போட்டால் அந்தக் குழி இன்னும் பெரிதாகத் தெரியும். வயதானவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே பவுடரை அப்பினால் சுருக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒன்றையும் அங்கே யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

முகம் முழுக்க ஒரே சீரான நிறமாகத் தெரியப் பூசும் பவுண்டேஷன் வகுப்பைப் பற்றி எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. அங்கே இருந்தவை மூன்று நான்கு ஷேடுகள், எல்லாமே வெளிர் நிறம். மாநிறத்தில் இருந்த ஒருத்திக்கு அதில் ஒன்றைத் தேய்த்தார்கள், முகம் சாம்பல் பூத்துப்போனது, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம். அவள் கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். "போட்டோவில நல்லா வரும்" என்றார் மேடம். போட்டோவிலும் நன்றாக வரவில்லை. மேலே போட்டது சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடர், பிளாஷ் அடித்ததும் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்து மூக்கும் கண்ணுக்குக் கீழும் வெள்ளை வெளேரென்று விழுந்தது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு அதிகம் உள்ள சன்ஸ்கிரீனும் இப்படி வெள்ளை அடிக்கும். உண்மையில் முதல் பாடமே இதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும்: ஷேடைப் புறங்கையில் தேய்த்துப் பார்க்கக்கூடாது, தாடையோரத்தில் கழுத்தை நோக்கி ஒரு கோடு இழுத்து, ஜன்னல் பக்கம் போய் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும், அப்புறம் ஒரு பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்க்கவேண்டும், ஏனென்றால் பல பவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் கொஞ்சம் கறுக்கும். தோலின் மேல் நிறம் ஒன்றாக இருந்தாலும் அடித்தொனி, அதாவது தோலுக்கு அடியிலிருந்து தெரியும் சாயல், மஞ்சளா, சிவப்பா, இடைப்பட்டதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் கறையை மறைக்கும் வெளிர் கன்சீலரை நேரடியாக அப்பாமல், மாநிறத் தோலுக்கு ஆரஞ்சு சாயல் கரெக்டர் மெல்லிசாகப் போட்டு நீலச்சாயலை அடக்கிவிட்டு அதன்மேல்தான் கன்சீலர் போடவேண்டும். இதையெல்லாம் நான் பின்னால் வேறொருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மாநிற முகத்தை அதன் நிறத்திலேயே அழகாகக் காட்டத் தெரியாதவர் மேக்கப் கற்றுத்தர வந்திருப்பதே தப்பு என்பது என் முடிவு.

சரி, சொல்லிக்கொடுக்காததைக்கூடப் பணம் போயிற்று என்று விட்டுவிடலாம். சுத்தத்தில் அவர்கள் காட்டிய அலட்சியத்தை விடமுடியாது. ஒரே காஜல் பென்சில் ஒரு கண்ணிலிருந்து இன்னொருத்தி கண்ணுக்குப் போகும். மஸ்காரா குச்சியைக் குப்பிக்குள் விட்டு எடுத்துப் போட்டு, மறுபடி அதே குச்சியை உள்ளே விடுவார்கள். லிப்ஸ்டிக் உதட்டிலிருந்து உதட்டுக்கு. ஸ்பாஞ்சை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன், வெளியே இளஞ்சிவப்பு, கிள்ளிப் பிரித்தால் உள்ளே கரும்புள்ளி கரும்புள்ளியாகப் பூஞ்சை. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடி வைத்தால் அப்படித்தான் ஆகும். "மேடம், இதைக் கழுவணும் இல்லையா?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாரும் நம்ம பொண்ணுங்கதானே" என்றார். எங்களில் ஒருத்திக்குக் கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கமுடியாமல் போனது. கண் மருத்துவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, யாருடைய கண் மையையாவது பகிர்ந்துகொண்டாயா என்பதுதான். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸும் இப்படிப் பொது லிப்ஸ்டிக் வழியாகப் பரவக்கூடியது.

ஒழுங்கான இடத்தில் எப்படி இருக்கும் என்றால், லிப்ஸ்டிக்கையும் கிரீம் வகைகளையும் ஸ்பாட்டுலாவால் வழித்து ஒரு ஸ்டீல் தட்டில் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் பிரஷால் எடுப்பார்கள். மஸ்காராவுக்கு ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் குச்சி இருக்கும், ஒருதரம் கண்ணில் பட்டது மறுபடி குப்பிக்குள் போகாது. பென்சிலை ஒவ்வொருவருக்கும் முன்பு சீவி, கிருமியைக் கொல்லும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துக் காயவிட்டுப் பயன்படுத்துவார்கள். (99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்கவேண்டாம், அது சீக்கிரம் ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல நேரம் போதாது.) பிரஷைச் சோப்பு நீரில் அலசி, முனை கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி காயவைப்பார்கள், நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிப் பசை விட்டு முடி கொட்டும். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்தில் மாற்றிவிடுவார்கள். நீங்கள் வகுப்பை நேரில் பார்க்கப் போகும்போது வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அந்தப் பிரஷ் டப்பாவையும் ஸ்பாஞ்சையும் பார்த்துவிடுங்கள்.

தலைமுடிப் பகுதிக்கு வருவோம். கிட்டில் பயிற்சிக்கான டம்மி தலை ஒன்று தருவோம், அசல் மனித முடி என்று சொல்லித்தான் அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். முதல்முறையாகக் கர்லிங் ராடில் ஒரு கற்றையைச் சுற்றியதுமே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ராடைப் பிரித்தால் முடி சுருளவில்லை, உருகி ஒட்டிக் கெட்டியான ஒரு துண்டாக நின்றது, ராடின் மேல் படிந்ததைச் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது. அது முழுக்கச் செயற்கை இழை. வாங்கும்போதே சோதிப்பது சுலபம்: ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள், மனித முடி என்றால் பொசுங்கிச் சாம்பலாக உதிரும், முடி கருகும் வாசனை வரும். பிளாஸ்டிக் இழை உருகி முனையில் சின்ன மணியாகத் திரளும். பின்னல், கொண்டை பழகச் செயற்கை முடித் தலை போதும், விலையும் குறைவு, அதில் குற்றமில்லை. ஆனால் அதை அசல் என்று சொல்லி விற்பதும், சூடு காட்டிப் பழகுங்கள் என்று கொடுப்பதும் பச்சை ஏமாற்று.

சூட்டைப் பற்றிய பாடமும் ஆபத்தானதாகவே இருந்தது. ஸ்ட்ரெயிட்னரை எல்லோருக்கும் ஒரே உச்ச அளவில் வைத்து இழுத்தார்கள். பல கருவிகள் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும், அதற்காக எல்லா முடிக்கும் அதை வைக்கலாமா? மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்குப் பக்கத்தில், சாதாரண முடிக்கு 180 டிகிரி அளவில் என்று குறைவில் ஆரம்பித்துப் பார்த்துத்தான் கூட்டவேண்டும். அதைவிட மோசம், கூட வந்த ஒரு பெண்ணுக்குத் தலை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ரெயிட்னர் போட்டது. முடிக்குள் இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகும்போது உள்ளேயே குமிழ் குமிழாக விரிந்து முடியைப் பலவீனமாக்கும், சில நாளில் அந்த இடத்தில் ஒடியும். அவளுக்கு முன்நெற்றிப் பக்கம் குட்டை குட்டையாக ஒடிந்து நின்றது. கேட்டதற்கு உனக்குச் சத்துக் குறைவு என்று சொல்லி, அவர்களிடமே விற்கிற ஒரு எண்ணெய்ப் பாட்டிலை அவள் தலையில் கட்டினார்கள்.

சுருள் ஏன் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் மண்டையைக் குழப்பிக்கொண்டு இருந்தோம், இன்னும் அதிகம் ஸ்பிரே அடியுங்கள் என்பதுதான் பதில். விஷயம் ஸ்பிரேயில் இல்லை. சூடு பட்டதும் முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், ஆறும்போது அந்த வடிவத்திலேயே மறுபடி பிணைந்துகொள்ளும். அதனால் ராடிலிருந்து எடுத்த சுருளைச் சூட்டோடு கீழே தொங்கவிடாமல், உள்ளங்கையில் ஏந்தி, அப்படியே சுருட்டித் தலையோடு கிளிப் குத்தி, முழுக்க ஆறிய பிறகு அவிழ்க்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? தெரிந்தும் சொல்லவில்லையா, அவருக்கே தெரியாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிட்டில் இருந்த கிரீம்களில் பாதிக்குப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ கிடையாது. தோலை வெளுக்க வைக்கும் என்று ஒன்று இருந்தது. லேபிள் இல்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் கலப்பது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை, பாதரசம் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், யார் கொடுத்தாலும் முகத்தில் தடவாதீர்கள். ஹேர் டையும் ஒன்று கொடுத்து, அதைப் புருவத்துக்கும் போடலாம் என்றார்கள். அதன் அட்டையிலேயே புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது, 48 மணி நேரம் முன்பு தோலில் தடவிச் சோதிக்கவேண்டும் என்று அச்சடித்திருந்தது.

கடைசி நாள் போட்டோ எடுத்தார்கள். எங்களுக்கு மேக்கப் போட்டது அங்கே வேலை பார்க்கும் உதவியாளர்கள். சில நாள் கழித்து அதே படங்கள் "எங்கள் மாணவிகளின் கைவண்ணம்" என்று விளம்பரத்தில் வந்தன. எங்களைக் கேட்கவில்லை. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தானே அடுத்த பேட்ச் சேரும், அதுதான் மனசுக்குப் பொறுக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், டெமோ காட்டும் தனி நாளை அல்ல, சாதாரணமாக நடக்கும் ஒரு நாளை. ஒரு மாணவி மொத்தத்தில் எத்தனை முகங்களுக்குத் தன் கையால் போடுவாள், எத்தனை தலை சீவுவாள் என்று கேட்டு அந்த எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். கிட்டில் என்னென்ன இருக்கும் என்பதையும் பிராண்ட் பெயரோடு எழுதி வாங்குங்கள், முடிந்தால் கிட் இல்லாமல் சேரமுடியுமா என்று கேளுங்கள், முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் அவர்களுக்கு லாபம் எதில் என்று புரிந்துவிடும். படித்து முடித்த பழைய மாணவிகளிடம் நீங்களாகத் தேடிப்போய்ப் பேசுங்கள், நிலையம் கைகாட்டும் ஆளிடம் அல்ல. கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ரசீதையும், அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்த மறுவாரமே "தினமும் செய்முறை", "லைவ் மாடல்" இரண்டும் அவர்கள் விளம்பரப் பக்கத்திலிருந்து காணாமல் போய்விட்டன, அப்படி நாங்கள் சொல்லவே இல்லையே என்று சாதித்தார்கள். பழைய விளம்பரம் ஒருத்தியின் போனில் அப்படியே இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் ஆளுக்குப் பாதிப் பணமாவது திரும்பக் கிடைத்தது, கிட்டுக்கான பணத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.