மலையக ஓடைகளில் ஒரு நீர்ப் பரிசோதனைப் பெட்டி: புவியியல் ஆசிரியர் ஒருவரின் மதிப்பீடு

எங்கள் பாடசாலையின் உயர்தரப் புவியியல் மாணவர்களை வெளிக்களக் கற்கைக்காக நானு ஓயாவின் கரைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டு, கொழும்பில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் நீர்ப் பரிசோதனைப் பெட்டி வாங்கினோம். பீ.எச்., நைத்திரேற்று, பொசுபேற்று, கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றுக்கான மாத்திரைகள், சோதனைக் குழாய்கள், நிற அட்டை, வெப்பமானி, கைப்பிடி வலை, வெள்ளைத் தட்டு ஆகியவை அதில் இருந்தன. மூன்று பயணங்களில் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன்.

நானு ஓயா நுவரெலியாப் பக்கமிருந்து இறங்கிக் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, அதன் வழியே 335 கிலோமீற்றர் நீளமான மகாவலியை அடைகிறது. மரக்கறித் தோட்டங்களில் இடும் உரம், நகரின் கழிவுநீர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கான்களில் வழியும் சவர்க்கார நீர் என ஒவ்வொன்றும் வெவ்வேறு இடங்களில் வந்து கலப்பதால், மேலிருந்து கீழாக நடந்தே ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற ஆறு இது. அந்த ஒப்பீட்டுக்கு இப்பெட்டி நன்றாகவே உதவுகிறது. தோட்டங்களுக்கு மேலே எடுத்த நீரும் கீழே எடுத்த நீரும் அருகருகே வேறு நிறம் காட்டியபோது, பாடப்புத்தகத்தில் பலமுறை வாசித்த ‘போசணைச் செறிவு’ (உரச்சத்துகள் நீரில் மிகுதல்) என்ற சொல் பிள்ளைகளுக்கு முதன்முறையாகக் கண்ணால் காணக்கூடியதாயிற்று.

ஆனால் அட்டையில் உள்ள எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் பிழையான முடிவுக்கு வருவோம். கரைந்த ஒட்சிசனுக்கான அட்டவணை கடல் மட்டத்துக்கு உரியது. 16 பாகை செல்சியசில் அங்கே ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9.9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவாதலால், அதே வெப்பநிலையில் 7.9 மில்லிகிராம் அளவே கொள்ளும். மாணவர்கள் பெற்ற 8 என்ற வாசிப்பை அட்டவணை 81 வீத நிறைவு, அதாவது நீர் கொள்ளக்கூடிய ஒட்சிசனில் 81 வீதம், என்று காட்டியது. உண்மையில் அந்த நீர் நிறைவடைந்தே இருந்தது. மலைப்பகுதிப் பாடசாலைகளுக்கும் விற்கப்படும் பெட்டியில் உயரத்துக்கான திருத்த அட்டவணை ஒன்றேனும் இருந்திருக்க வேண்டும்.

நைத்திரேற்று அட்டையிலும் இதைப் போன்ற சிக்கல் உண்டு. அதிலுள்ள பெறுமானங்கள் நைத்திரேற்றிலுள்ள நைதரசனைக் குறிப்பவை. நைத்திரேற்றாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார தாபனம் வழிகாட்டும், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லை நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆபத்தான நீரும் பாதுகாப்பானதாகத் தோன்றும். மேலும், குளிர்ந்த நீரில் நிறம் மெதுவாகவே தோன்றுவதால், குழாயைச் சுவெட்டருக்குள் சிறிது நேரம் வைத்திருந்து பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

முதல் நாளிலேயே ஒரு மாணவி கேட்டாள்: “சேர், எங்க லயத்து பீலித் தண்ணிய இதுல பார்த்துக் குடிக்கலாமானு சொல்ல முடியுமா?” முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பற்றீரியாச் சோதனை இப்பெட்டியில் இல்லை. நிறம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் குடிநீர் பற்றி அது எதையும் உறுதிப்படுத்தாது. இதைக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். கையேடோ தமிழில் இல்லை. பாதுகாப்புக் குறிப்புகளை நானே மொழிபெயர்த்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டியில் மிகப் பயனுள்ளவை மாத்திரைகள் அல்ல, வலையும் தட்டுமே. கல்லைப் புரட்டி, வலையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்து, அகப்பட்டதைத் தட்டில் ஊற்றினால், மேற்பகுதியில் வாலில் மூன்று இழைகளுள்ள மேஃப்ளை இளம்பூச்சிகளும், மணலால் தமக்கு உறை கட்டிக்கொண்ட கடிஸ் என்ற பூச்சியின் குடம்பிகளும் தெரிந்தன. நகருக்குக் கீழே அவை மறைந்து, ஈமோகுளோபின் இருப்பதால் குறைந்த ஒட்சிசனிலும் வாழக்கூடிய செந்நிறப் புழுக்களே மிகுந்திருந்தன. இரசாயனச் சோதனை அந்தக் கணத்து நீரை மட்டுமே காட்டும்; நேற்றைய மழை அதை மாற்றிவிடலாம். இவ்வுயிரினங்களோ பல வாரங்களாக அங்கே ஓடிய நீரின் நிலையைத் தம் இருப்பாலேயே பதிவு செய்கின்றன. அன்று தட்டைச் சுற்றிக் குனிந்து நின்ற பிள்ளைகளை வேனில் ஏற்றுவதே கடினமாக இருந்தது.

மாத்திரைகளின் காலாவதித் திகதிக்கு வாங்கும்போதே ஐந்து மாதங்கள்தான் எஞ்சியிருந்தன. மாத்திரைகளை மட்டும் தனியாகத் தருமாறு கேட்டதற்கு முழுப்பெட்டியாகவே வாங்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பயன்படுத்திய கரைசலைச் சேர்க்கப் போத்தலும் இல்லை. அதை ஓயாவில் ஊற்றக்கூடாது என்பதால் மூடியுள்ள வெற்றுப் போத்தல் ஒன்றை ஒவ்வொரு முறையும் கொண்டு செல்கிறோம்.

வசதி குறைந்த பாடசாலைகள் முதலில் வலை, வெள்ளைத் தட்டு, வெப்பமானி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிக்கொள்வது நல்லது. பணம் எஞ்சினால், திகதியைப் பார்த்து, நைத்திரேற்றுச் சோதனையை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். உயரத் திருத்தத்தையும் அலகு மாற்றத்தையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் ஆசிரியர்களுக்கு அனுப்பி வைப்பேன்.